வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்

எங்கள் வயலில் ஒரு பள்ளிக்கூட பஸ் நின்ற கதையை ஊரில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பூதலூர் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் வயல் வந்ததும் கழுத்தைத் திருப்புவார்கள். சுற்றிலும் நாற்றங்கால் பச்சை, நடுவில் மஞ்சளாக ஒரு பஸ். கண்டக்டர் ஒருவர் அதற்கு ஸ்டாப்பிங் பெயரே வைத்துவிட்டார் என்று கேள்வி. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன், வேறென்ன செய்வது. ஆனால் அந்த பஸ் எதற்காக வாங்கப்பட்டது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் மனைவி கிராம செவிலியராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். ஒரு மொபெட், ஒரு மருந்துப் பெட்டி, கைப்பையில் ஒரு டிபன் பாக்ஸ். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்று மீசை முறுக்கிக்கொண்டு திரிகிற பாதிப் பேருக்கு முதல் தடுப்பூசி போட்டவள் அவள்தான். ஓய்வு பெற்ற மறு வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு, இடுப்பில் பெல்ட் கட்டி உட்கார வைத்தால் அரைமணி நேரம் தாங்குவாள். அதற்கு மேல் படுத்தாக வேண்டும். கழிப்பறைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். அந்த வேலைக்கு என்னைத் தவிர வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள்.

"ஊர்ல எத்தனை பொம்பளைங்க மானத்த நான் மறைச்சு வச்சிருக்கேன். என்னோடத நீங்க ஒருத்தர் பாத்தா போதும்" என்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் வேலை, கல்யாணமும் அங்கேயே வேலை பார்க்கும் பையனோடுதான். மூன்றாவது மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது. ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர், நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, அலையக் கூடாது, ஊருக்குப் போவதை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவதுதான் எங்கள் பக்க வழக்கம். அது இல்லையென்று ஆயிற்று. வளைகாப்புக்கு வளையலைக் கூரியரில் அனுப்பினோம். பெட்டியைத் திறந்தபோது இரண்டு வளையல் உடைந்திருந்ததாம். அதை மகள் எங்களிடம் சொல்லவில்லை, மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. காலேஜ் படிக்கும்போதே தவறிவிட்டார். ஆக, பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க ஒரு பெண்பிள்ளை இல்லை. பெண் வர முடியாதென்றால் அம்மா போக வேண்டும். அம்மாவோ அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதவள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. அவள உள்ள கூட்டிட்டுப் போறப்ப நான் வெளிய இருக்கணும். வெளிய கொண்டு வர்றப்ப என் மூஞ்சியப் பாக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

ரயிலை யோசித்தோம். படுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அந்த ஆட்டத்தில், அந்தக் கழிப்பறைக்கு, அத்தனை பேர் பார்க்க நான் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வேண்டாம் என்றாள். ஆம்புலன்ஸ் என்று வாயைத் திறந்தேன். எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"பிள்ளத்தாச்சி முன்னாடி ஆம்புலன்ஸ்ல போயி எறங்கச் சொல்றீங்களா? நல்ல காரியத்துக்குப் போற லட்சணமா அது?"

நர்ஸாக வேலை பார்த்தவள்தான். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் அவள் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை. ஆம்புலன்ஸ் பேச்சை அதோடு விட்டேன். போய்ச் சேர்ந்தாலும் மூன்று மாதமாவது அங்கே இருந்தாக வேண்டும், மூன்றாவது மாடிக்கு அவளை ஏற்ற முடியாது. கட்டில், கழிப்பறை, அடுப்பு மூன்றும் உள்ளே இருக்கிற ஒரு வண்டி இருந்தால் வழியிலும் பிரச்சினை இல்லை, அங்கேயும் பிரச்சினை இல்லை. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருந்தது. அதன் சொந்தக்காரரிடம் மாப்பிள்ளை பேசி, வண்டியை நிறுத்திக்கொள்ளச் சம்மதமும் வாங்கிவிட்டார். இப்படித்தான் அறுபத்தோரு வயதில், டிராக்டருக்கு மேல் பெரிய வண்டி எதையும் தொட்டிராத நான், வீடு மாதிரி ஒரு வண்டி தேட ஆரம்பித்தேன்.

தேடியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று, சென்னையில் ஒரு புரோக்கர் சொன்ன பழைய கேரவன். சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. அவன் அனுப்பிய வீடியோவை என் மனைவி நான்கு முறை பார்த்தாள். கட்டில் இருந்தது, ஏசி இருந்தது, கழிப்பறையில் வெள்ளை வெளேரென்று பீங்கான் இருந்தது. ஒரு கண்ணாடியைச் சுற்றிலும் பல்பு வரிசை.

"இந்தக் கண்ணாடியில எந்த நடிகை மூஞ்சி பாத்தாளோ. இனிமே என் நரைமுடியப் பாக்கட்டும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "இதையே வாங்கிடுங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. அன்றைக்கே வாங்கியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

நான் சென்னைக்குப் போய் அதைப் பார்த்தேன். உள்ளே ஏறியதும் பவுடர் வாசனையும் பழைய சாம்பார் வாசனையும் கலந்து அடித்தது. கட்டிலுக்கு அடியில் தகரம் துருப்பிடித்திருந்தது, கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. எஞ்சினைப் பற்றிக் கேட்டால் புரோக்கர், "சார், டைரக்டருங்க உக்காந்த வண்டி சார்" என்றான். அது எஞ்சினுக்கு எப்படிப் பதிலாகும் என்று எனக்குப் புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். முடிவெடுக்க முடியாத இடத்திலெல்லாம் நான் சொல்கிற வாக்கியம் அது. பெண் பார்க்கப் போனபோதுகூட அதைத்தான் சொன்னேனென்று அவள் இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

இரண்டாவது, பூதலூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்குப் பின்னால் நின்ற பள்ளிக்கூட பஸ். வயதாகிவிட்டதென்று பள்ளிக்கூடத்தார் ஒதுக்கிவிட்ட வண்டி. சின்ன பஸ்தான். நான் ஏறி நின்றால் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்தது. பட்டறைக்காரர் சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டால் போதும் என்று தோன்றியது.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களின் புத்தியைச் சொல்ல வேண்டும். நாங்கள் பழைய டிராக்டர் வாங்குவோம், ஆனால் அது யார் வயலில் உழுதது என்று தெரியாமல் வாங்க மாட்டோம். மாடாக இருந்தால் அது நின்ற கொட்டகையைப் போய்ப் பார்ப்போம். ஆள் தெரிந்தால் பொருள் தெரியும் என்பது எங்கள் கணக்கு. அந்தப் பள்ளிக்கூட பஸ் எங்கள் தெருவுக்குள்தான் பதினைந்து வருடம் வந்து போனது. அதன் டிரைவர் என் பங்காளி முறை, குடிக்காதவர், ஆயில் மாற்றும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கிறவர். சென்னை வண்டியை எந்த டைரக்டர் எப்படி ஓட்டினானோ. டீக்கடையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொன்னார்கள். "கண்ணு முன்னாடி செய்யுற வேலைங்க. எங்க என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும்ல?" சரியாகத்தான் பட்டது. இன்றைக்கு யோசித்தாலும் அதில் தப்பு எங்கே இருக்கிறதென்று சட்டென்று சொல்ல வராது.

மனைவியிடம் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம். தேதி ஆனி கடைசிலதான? தாராளமா நேரம் இருக்கு."

"அந்தக் கேரவன்னா அடுத்த வாரமே போயிடலாமே."

"வழியில நின்னு போச்சுன்னா?"

அவள் மறுபடி மின்விசிறியைப் பார்த்தாள். "கட்டிலுக்குப் பக்கத்துல ஜன்னல தாழ்வா வைக்கச் சொல்லுங்க. படுத்தா ரோடு தெரியணும். ரெண்டு வருஷமா கூரையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் தோற்றுப்போய்ச் சொன்னது அது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

மாசி கடைசியில் பஸ்ஸை வாங்கினேன். எங்கே வைத்து வேலை செய்வது என்பது அடுத்த கேள்வி. கரூரில் பஸ் பாடி கட்டுகிற இடங்களில் கேட்டால் நான்கு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் மாட்டை அவிழ்க்க முடியாது. திருக்காட்டுப்பள்ளி வெல்டர் ஒருவர், ஜெனரேட்டர் கொண்டு வந்து நிற்கிற இடத்திலேயே செய்து தருகிறேன் என்றார். ரோட்டை ஒட்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என் வயல். சம்பா அறுத்து முடிந்து, தரை சிமெண்டு போட்டதுபோல இறுகிக் கிடந்தது. வரப்போரம் பெரிய வேப்பமரம் ஒன்றும் உண்டு. இதைவிட நல்ல பட்டறை எங்கே கிடைக்கும்.

வாய்க்கால் மேல் ஒரு பாலம் இருக்கிறது. மாட்டுவண்டிக் காலத்தில் கட்டியது. பஸ் அதைவிட ஒரு சாண் அகலம். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கோடையில் எங்கள் வாய்க்கால்கள் எல்லாமே பாதைகள்தான். டிராக்டர் இறங்கும், வைக்கோல் லாரி இறங்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வாய்க்காலும் பல வருடமாக மண் மேவி, முழங்கால் பள்ளமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கக் கரையையும் மண்வெட்டியால் சரித்து, வைக்கோல் பரப்பி, என் பங்காளி டிரைவர் பஸ்ஸை இறக்கி ஏற்றினார். பத்து நிமிட வேலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வேலை நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும், முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. சீட்டைக் கழற்றியதும் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் இற்றுப்போயிருந்தது. அதை மாற்றினார்கள். ஜன்னலைத் தாழ்த்த வெட்டியபோது இன்னொரு சட்டம் கையோடு வந்தது. கழிப்பறைக் கதவை நான் அளந்து கொடுத்திருந்தேன். மனைவியைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போகும் அகலத்தை அளக்கவில்லை, நான் மட்டும் போகும் அகலத்தை அளந்திருக்கிறேன். மறுபடி வெட்டினார்கள். வெல்டர் நல்ல மனிதர். ஆனால் சித்திரையில் கல்யாண முகூர்த்தம் வந்தால் பந்தல் வேலைக்குப் போய்விடுவார். இதற்கிடையில் ஒரு நாள் எஞ்சின் பிடிக்கவில்லை. டீசல் பம்ப்பைக் கழற்றித் தஞ்சாவூரில் ஒரு கடையில் கொடுத்தோம். ஒரு வாரம் என்றார்கள். பிறகு உள்ளே ஒரு சாமான் வர வேண்டும் என்றார்கள். பிறகு வந்த சாமான் வேறு மாடல் என்றார்கள்.

நான் தினமும் வயலுக்குப் போய்விட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அவளிடம் சொல்வேன். இன்றைக்கு இது ஆயிற்று, இது ஆகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வாள். மகள் போன் செய்தால் மட்டும் குரல் மாறிவிடும். "சூப்பரா வந்துட்டிருக்குடி. உங்கப்பா உள்ள மாளிகையே கட்டிட்டிருக்காரு" என்பாள். போனை வைத்ததும் என்னைப் பார்ப்பாள். "அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது. ரத்தக் கொதிப்பு ஏறுனா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. மாப்பிள்ளைக்கும் மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வைகாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். நான் பம்ப்புக்காகத் தஞ்சாவூரில் கடை வாசலில் காத்துக்கிடந்தேன். அன்றைக்குத்தான் எங்கள் வாய்க்காலைத் தூர் வாரப் பொக்லைன் வந்தது.

இந்தத் தூர்வாருதலுக்காக நான் எத்தனை மனு கொடுத்திருக்கிறேன் தெரியுமா? வருடம் தவறாமல் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நின்று கத்துவேன். கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை, வாய்க்காலில் ஆடு மேய்கிறது என்று போட்டோ எடுத்து ஒட்டிக் கொடுத்தேன். நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கியதும் நான்தான், முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். அதிகாரிகள் என் முகத்தைப் பார்த்தாலே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். அந்த வாய்க்கால் அந்த வருடம்தான் பட்டியலில் வந்திருந்தது.

பம்ப் அன்றும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். முழங்கால் பள்ளமாக இருந்த வாய்க்கால் ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு கரையும் கத்தியால் வெட்டியதுபோல நேராக நின்றன. நாங்கள் சரித்து வைத்திருந்த பாதை இருந்த இடமே தெரியவில்லை. எடுத்த மண்ணைக் கரைமேல் அழகாகக் குவித்து அணைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், வாயில்லாத பிராணி மாதிரி என் பஸ்.

ஓட்டமாக ஓடிப் பொக்லைன் டிரைவரைப் பிடித்தேன். இரண்டு வயல் தள்ளி வெட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, என் வண்டி உள்ள நிக்கிது. அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் மண்ணத் தள்ளி விட்டுருப்பா."

"ஓவர்சியர் ஐயாவக் கேளுங்க. எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஓவர்சியர் வேறொரு வாய்க்காலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"பாத்தீங்களாய்யா? உங்க மனுவுக்கு வேலை நடந்துடுச்சா? இனிமே கூட்டத்துல எங்கள விட்டுடுவீங்கல்ல?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப் போயிற்று. ஆழத்தை அளக்க மேலிடத்திலிருந்து ஆள் வருவார்கள், அளந்து எழுதும்வரை ஒரு கூடை மண்கூட உள்ளே விழக் கூடாது, விழுந்தால் என் வேலை போய்விடும் என்றார். மூன்று நாள் பொறுங்கள், அளந்து முடித்ததும் நானே பொக்லைனைத் திருப்பி அனுப்பிப் பாதை போட்டுத் தருகிறேன் என்றார். நியாயமான பேச்சு. பம்ப்பும்தான் இன்னும் வரவில்லை. மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று வந்துவிட்டேன்.

அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் நிறைந்துவிட்டதென்று வழக்கமான நாளுக்கு முன்பே திறந்துவிட்டார்கள். கல்லணைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. தண்ணீர் மற்றவர்களுக்கு முன் எங்களுக்கு வந்துவிடும். டிவியில் செய்தி ஓடியதும் தெருவில் வெடி போட்டார்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். பிறந்ததிலிருந்து தண்ணீருக்காக வேண்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. தண்ணீர் கேட்டு ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்து, ஒரு நாள் கல்யாண மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்தவன் நான். அன்றைக்கு முதல் முறையாக, தண்ணீர் வரக் கூடாது, இன்னும் நாலு நாள் வரக் கூடாது என்று சாமியிடம் கேட்டேன். கேட்டதும் எனக்கே நா கூசியது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம்கூடச் சொல்லவில்லை.

அளக்க ஆள் வருவதற்கு முதல் நாள் காலையில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் சருகையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு, நுரைத்துக்கொண்டு வந்தது. கரையில் நின்றவர்கள் பூவும் விதைநெல்லும் தூவினார்கள். யாரோ என் கையிலும் ஒரு பிடி நெல்லைத் திணித்தார்கள். "மனு போட்டவரு நீங்க, நீங்க போடுங்க மொதல்ல" என்றார்கள். போட்டேன். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் என்ன அழகாகப் போயிற்று, இருபது வருடத்தில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.

பம்ப் அதற்கு மறுநாள் வந்தது.

யாரைக் குறை சொல்வது? அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். ஊர்க்காரர்களிடம் போய் நின்றேன். மதகை ஒரு நாள் அடைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். கேட்க வாய் வரவில்லை, கேட்டேன். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. "அக்காவுக்காகன்னா ரெண்டு நாள்கூட அடைக்கலாங்க" என்றார் எனக்குக் கீழ்மடைக்காரர். நாற்றங்காலுக்குச் சேறு கலக்கி வைத்துவிட்டு, தண்ணீரை நிறுத்த ஒத்துக்கொண்டார். அடைத்தார்கள். கரையைச் சரித்தோம், தென்னை மட்டை போட்டோம், மணல்மூட்டை போட்டோம். இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தோம். ஆனால் நான்கு நாள் கசிவில் என் வயல் கூழாகியிருந்தது. பஸ் இரண்டடி நகர்ந்தது. பின் சக்கரம் அச்சு வரைக்கும் அமிழ்ந்தது. இரும்புக் கயிறு அறுந்து ஒருவர் காதோரம் பறந்தது. அதோடு நானே போதும் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் மதகைத் திறந்தார்கள். கிரேன்காரர் வந்து பார்த்து, கரைமேல் காலை வைத்து அழுத்தினார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தை மாதம் தரை காயட்டும் என்றார். பிள்ளை தை வரைக்கும் வயிற்றிலேயே இருக்குமா?

சென்னைப் புரோக்கருக்குப் போன் செய்தேன். "அது போயிடுச்சே சார், அடுத்த வாரமே போயிடுச்சே" என்றான். திருச்சியில் ஒருவரிடம் வாடகைக்குக் கேரவன் இருக்கிறதென்று தெரிந்து அலைந்தேன். ஷூட்டிங்கில் இருந்தது. ஆனி இரண்டாம் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். தேதிக்கு அப்போதும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்தாள். புடவையெல்லாம் எடுத்து அடுக்கச் சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயப்பொடி இடித்து, துணி கட்டி, டப்பாவில் வைக்கச் சொன்னாள். படுத்தபடியே விரலை நீட்டி நீட்டி வேலை வாங்கினாள். நான் ஆடிக்கொண்டே செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய திங்கள், காலை ஒன்பது மணி. அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். மகளிடமிருந்து போன். ரத்தம் போகிறதென்று விடிகாலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்களாம். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். பேச்சு திணறித் திணறி வந்தது.

"அம்மா, பயமா இருக்கும்மா. நீ எப்பம்மா வருவ?"

நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் எத்தனையோ பெண்களுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவள். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"வந்துக்கிட்டே இருக்கோம்டி தங்கம். விடியக்காலையில கெளம்பிட்டோம். உனக்குத் திடீர்னு வந்து நிக்கலாம்னுதான் சொல்லல. சேலம் தாண்டியாச்சு. நீ கண்ணு முழிக்கிறப்ப வெளியதான் இருப்பேன்."

"பஸ்ஸுலயாம்மா?"

"பஸ்ஸுலதான்டி. ஜன்னலோரம் படுத்துக்கிட்டு வரேன். வெளிய மலையெல்லாம் தெரியுது."

மகள் அழுகையோடு சிரித்தது கேட்டது. பிறகு யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. இட்லித் தட்டு என் கையில் இருந்தது. எழுந்து போய்க் கழுவவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. வாசலில் நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

பதினொன்றரைக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, பொண்ணு பொறந்திருக்கா மாமா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவள் இரண்டு கையையும் நெஞ்சின்மேல் கூப்பிக்கொண்டாள். கண்ணோரம் வழிந்து காதுக்குள் போயிற்று. நான் துடைத்துவிட்டேன்.

"அவ முழிச்சிட்டா மாமா. மொதல்ல கேட்டதே அத்தைய பத்தித்தான். வந்ததும் உள்ள விடறேன்னு நர்ஸும் சொல்லிட்டாங்க. நான் கீழ கேட்லதான் நிக்கிறேன். பஸ் பெருசாச்சேன்னு வாட்ச்மேன்கிட்ட பேசி ரெண்டு காரை வெளிய எடுக்க வச்சிட்டேன். எடம் தாராளமா இருக்கு, அத்தைய அப்படியே எறக்கிடலாம். எங்க வந்திருக்கீங்க மாமா?"

அவளைப் பார்த்தேன். கூப்பிய கையைப் பிரிக்காமலே சொன்னாள்.

"சொல்லிடுங்க."

சொன்னேன். வாய்க்காலைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, அமிழ்ந்த சக்கரத்தைப் பற்றி. மூன்று மாதக் கதை மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் யாரோ கன்னடத்தில் ஏதோ கேட்டார்கள், ஒரு வண்டி ஹாரன் அடித்தது. போன் கட்டாகிவிட்டதோ என்று கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"சரிங்க மாமா" என்றார் கடைசியில். "அப்ப அந்தக் காருங்கள திரும்ப நிறுத்திக்கச் சொல்லிடறேன்."